ஓர் ஏக்கர் மழைமானி

ஆவணி பிறந்த வாரத்தில் செஞ்சிக்கு ஒரு மேகம் வந்தது. ஒரே ஒரு மேகம். லாரியை மூடுகிற தார்ப்பாய் அளவுக்குத்தான் இருக்கும். ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாழ இறங்கி, வானிலை நிலையத்தின் வேலியைத் தாண்டி, மழைமானிக்கு நேர் மேலே வந்து நின்று பெய்யத் தொடங்கியது.

மழைமானியின் வாய் ஒரு டிபன் தட்டைவிடப் பெரியதல்ல. மழை அந்த வாய்க்குள் மட்டும் பெய்தது. சுற்றியிருந்த புல்லில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

நிதா அதைப் பார்த்தபடி நின்றாள். அவள் வளிமண்டல அறிவியலில் முதுகலை முடித்தவள். உடன் படித்தவர்களில் ஒருத்தி விமான நிலையத்தில் பனிமூட்டம் எப்போது விலகும் என்று சொல்கிறாள். ஒருவன் தொலைக்காட்சியில் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று வங்கக்கடலைக் கையால் தடவுகிறான். இன்னொருவன் கப்பலேறி தென்துருவத்துக்கே போய்விட்டான். நிதாவுக்குச் சொந்த ஊரில் ஒப்பந்த வேலை. தினமும் காலை எட்டரைக்கு மானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, அந்த எண்ணைத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாட்களில் அந்த எண் பூஜ்யம்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க."

நிலையப் பொறுப்பாளர் பீமாராவ் டீ கிளாஸோடு வந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. துறையின் விதிப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். மானிக்கு மேலே கையை நீட்டினார். நனைந்தது. உடனே சுட்டுக்கொண்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, மானில விழ வேண்டிய மழைய நான் வாங்கிட்டேனேம்மா. எத்தினி சொட்டு இருக்கும்?"

"சார், மழை மானிக்குள்ள மட்டும் பெய்யுது. அதப் பாருங்க முதல்ல."

"மானிக்குள்ளதான பெய்யணும்? வெளிய பெய்யிற மழைய யாரு அளக்கப் போறாங்க?"

மறுநாள் காலை மானி நிறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நிதா எண்ணைச் சொன்னதும் தலைமை அலுவலகத்தில் வளர்மதி மேடத்தின் குரல் உற்சாகமாகிவிட்டது.

"செஞ்சியா? ராடார்ல ஒண்ணுமே தெரியலையேம்மா."

"மேகம் ரொம்பச் சின்னது மேடம். மானி மேல மட்டும்தான் பெய்யுது. ஊர்ல மழையே இல்ல."

"ஊர்ல இருக்கா இல்லையான்னு எப்பிடித் தெரியும்? ஊருக்குள்ள மானி இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்பிடி சொல்ற? கருவி என்ன சொல்லுதோ அதுதான் மழை. நல்லா எடுக்கிற ரீடிங். உன் ஒப்பந்தத்த நீட்டிக்கச் சொல்லி எழுதிடறேன்."

இப்படியாக மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் ஊராகச் செஞ்சி ஆனது. நாளிதழ்களில் 'அதிகபட்சமாக செஞ்சியில்' என்று வந்தது. ஊர்க்காரர்கள் விசிறியால் விசிறிக்கொண்டே அதைப் படித்தார்கள். யாருக்கும் பெரிய சந்தேகம் வரவில்லை. பீரங்கிமேட்டில் இருப்பவர்கள் சக்கராபுரத்தில் பெய்திருக்கும் என்று நினைத்தார்கள். சக்கராபுரத்தில் இருப்பவர்கள், பீரங்கிமேட்டுக்காரனுக்கு எப்போதுமே யோகம்தான் என்றார்கள். கடைவீதியில் குடையும் பையும் விற்கும் நிதாவின் தகப்பனார் அப்துல் சுக்கூர், குடோன் நிறையக் குடை வாங்கி அடுக்கிவிட்டார்.

"அத்தா, மழையே இல்ல. எதுக்கு இவ்ளோ குடை?"

"பேப்பர்ல போட்டிருக்கான். நீ குடுத்த நம்பருதான அது?"

"அது மானில பெய்ஞ்ச மழை."

"மானி எங்க இருக்குது?"

"செஞ்சில."

"அப்ப செஞ்சில பெய்ஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு குடையை விரித்து அதன் கம்பிகளைச் சரிபார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து ராஜாம்பாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஓர் ஏக்கரில் மானாவாரியாக மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டிருந்தாள். கிணறு கிடையாது. மேலே இருந்து வருவதுதான் தண்ணீர். நிலையத்துக்குள் நுழைந்ததும் கைபேசியை நிதாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாப்பா, இத்தப் படி."

விவசாயிகளுக்குத் தானாகப் போகும் குறுஞ்செய்தி அது. உங்கள் பகுதியில் மிக கனமழை பதிவாகியுள்ளது, நிலக்கடலை வயல்களில் தேங்கியுள்ள நீரை உடனடியாக வடிக்கவும் என்று இருந்தது.

"நானும் வயலச் சுத்திச் சுத்தி வரேன்" என்றாள் ராஜாம்பாள். "எந்தத் தண்ணிய வடிக்கிறது? நீதான் அனுப்பினியாமே. எங்க தேங்கிருக்குதுன்னு வந்து காட்டிட்டுப் போ."

நிதா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினாள். மேகம் மானியின் மேல் நின்று அமைதியாகப் பெய்துகொண்டிருந்தது. ராஜாம்பாள் இடுப்பில் கை வைத்து அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடிப்பாவி. இங்கதான் குந்திக்கினு இருக்குதா!"

"நான் கூப்பிடலம்மா. அதுவா வந்தது."

"கூப்பிடாமயா வரும்? இதுக்குன்னே படிச்சிருக்கியாமே." பிறகு குரல் தணிந்தது. "பூ பூத்து வுழுது எறங்குற நேரம் பாப்பா. மண்ணு கல்லு மாதிரி கெடக்குது. வுழுது மண்ணுக்குள்ள போனாத்தான் காய் புடிக்கும். குத்திக் குத்திப் பாக்குது, உள்ள போக மாட்டேங்குது. இன்னும் ஒரு வாரம் இப்பிடியே போச்சின்னா நுனி காஞ்சிடும். அப்பறம் வானமே வந்து வுழுந்தாலும் ஒரு கொட்ட தேறாது. இந்த வருசம் அதான் எனக்கு எல்லாமே. எதுனா பண்ணு."

எதுனா பண்ணு என்று நிதாவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. வளிமண்டலத்தைப் படித்தவர்களிடம் எல்லாரும், என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள்.

அவள் சோதனைகளில் இறங்கினாள். முதலில் மானியை ஒட்டி ஒரு வாளியை வைத்தாள். வாளி காய்ந்தே கிடந்தது. பீமாராவின் குடையைத் தலைகீழாக விரித்து வைத்தாள். அதிலும் விழவில்லை. ஸ்டோர் அறையில் பழைய மானி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து புல்லில் நிறுத்தினாள். மேகம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எப்பிடிம்மா பெய்யும்?" என்றார் பீமாராவ், கொஞ்சம் கோபமாகவே. "பீடம் இல்ல, வேலி இல்ல, மட்டம் பாக்கல. இதுக்குப் பேரு மானியா? டப்பா."

நிதா அவரையே பார்த்தாள். பிறகு செங்கல்லும் சிமென்டும் வரவழைத்துப் பீடம் கட்டினாள். நாலு பக்கமும் கம்பி இழுத்தாள். பழைய மானியைப் பீடத்தில் பதித்து, அதன் வாயின்மேல் ரசமட்டத்தை வைத்தாள். உள்ளே இருந்த குமிழி நகர்ந்து நகர்ந்து நடுக்கோட்டில் வந்து நின்ற அதே கணத்தில் மேகம் கொஞ்சம் விரிந்து இரண்டு மானிகளிலும் பெய்தது. ரசமட்டத்தை எடுக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"பாத்தியா" என்றார் பீமாராவ். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "வேலைக்குச் சேந்து இத்தினி வருசத்துல, விதிய மதிக்கிற ஒரு ஜீவன இப்பதான் பாக்கிறேன்."

அடுத்த நாள் நிதா வீட்டிலிருந்து துணி அலசும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்தாள். பீடம், வேலி, மட்டம் எல்லாம் முறைப்படி செய்தாள். 'மழைமானி - தொடாதே' என்று எழுதியும் வைத்தாள். தொட்டியில் மழை பெய்தது. விளிம்பு முடிகிற இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. மேகத்துக்கு அளவு ஒரு பொருட்டே இல்லை.

"சார், ஒரு மானி அதிகபட்சம் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு விதியில இருக்குதா?"

பீமாராவ் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. பக்கங்கள் உள்ளே புரள்வது வெளியே தெரிந்தது. "வழக்கமா இருக்கிற அளவு சொல்லியிருக்குது. அதுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஏன்?"

"ஒரு ஏக்கர்ல ஒண்ணு வெச்சா?"

அவர் கண்ணைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நிதா நினைத்தாள். பென்ஷன் வரப்போகும் நேரத்தில் யார்தான் இதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்? ஆனால் பீமாராவ் நாற்காலியில் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஏக்கரா? இந்தியாவுல கெடையாது. ஆசியாவுலயே கெடையாதும்மா. நிறுவியவர் பீமாராவ்னு ஒரு பலகை வெக்கலாமா?"

"தாராளமா வெக்கலாம் சார்."

ராஜாம்பாளின் நிலம் இப்படித்தான் மழைமானி ஆனது. மூவரும் ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்தார்கள். மானியின் விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரம் இருக்க வேண்டும் என்பதால் ராஜாம்பாள் நாலு பக்கமும் வரப்பை உயர்த்தினாள். பீமாராவ் ரசமட்டத்தோடு வரப்பின் மேல் குந்தியபடியே நகர்ந்து, "இங்க ஒரு அரை விரல் மண்ணு போடு... போதும் போதும், குமிழி ஓடுது" என்றார். மூலையில் ஒரு பனைமரம் நின்றது. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தூரம் மானி தள்ளியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், ராஜாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மரத்த வெட்டச் சொன்னீன்னா உன்னையும் சேத்து வெட்டிடுவேன் ராவு சார்."

"மரத்த வெட்ட வேணாம்மா. மானிய வெட்டிக்கலாம்."

பனையைச் சுற்றிய பகுதியை மட்டும் விட்டு, வரப்பை உள்வாங்கி வளைத்துக் கட்டினார்கள். வேலி போட்டார்கள். மேய வந்த இரண்டு ஆடுகளை, கருவிக்குள் கால்நடை இருக்கக் கூடாது என்று பீமாராவே விரட்டினார். பக்கத்து நிலத்துக்காரி குஞ்சம்மாள், ராஜாம்பாளின் ஓரகத்தி, தன் வரப்பில் நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, பிளாட் போடுறியா?"

"மழ பெய்ய வெக்கிறோம்டி."

"வேலி போட்டா மழ வருமா? நல்லா இருக்குது கத" என்று சிரித்தாள் குஞ்சம்மாள்.

எல்லாம் முடிந்தது. வானத்தைப் பார்த்தார்கள். செஞ்சி இருக்கும் திசையில் ஒன்றுமே அசையவில்லை. வெயில் மட்டும் இருந்தது. மல்லாட்டைச் செடிகளின் மஞ்சள் பூக்கள் வாடித் தொங்கின. ராஜாம்பாள் ஒரு செடியை ஒதுக்கிக் காட்டினாள். கணுவிலிருந்து இறங்கிய விழுதுகள் மண்ணைத் தொட்ட இடத்தில் வளைந்து நின்றன. சிலவற்றின் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அவ்ளோதானா பாப்பா?"

நிதா பீமாராவின் பக்கம் திரும்பினாள். "சார், எதையோ விட்டுட்டோம். நல்லா யோசிங்க."

பீமாராவ் மறுபடியும் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "பார்வையாளர்! மானி இருந்தா அதுக்குன்னு ஒரு பார்வையாளர் இருக்கணும். ஆளே போடலையே."

"யாரப் போடுறது?"

"உள்ளூர்க்காரங்களா இருக்கணும். பக்கத்துலயே குடியிருக்கணும்." அவர் ராஜாம்பாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வானிலைத் துறைல வேலைக்குச் சேர்றியா?"

"நானா? நான் அஞ்சாவதுதான் சார். இன்னா வேல?"

"தெனம் காலைல மழை பெய்ஞ்சிருக்குதான்னு பாக்கணும்."

"அதத்தான கலியாணம் ஆனதுலருந்து பாத்துக்கினு இருக்குறேன்."

"அப்ப அனுபவமும் இருக்குது" என்றார் பீமாராவ். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வரப்பில் வைத்தே நியமன உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டார். ராஜாம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மேகம் புறப்பட்டதைச் செஞ்சி பேருந்து நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்தார்களாம். வல்லம் போகும் டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, பஸ் நின்ற இடங்களில் எல்லாம் தானும் நின்று, கிளம்பியதும் கிளம்பி வந்தது. கண்டக்டர் பின் ஜன்னலில் தலையை நீட்டி இரண்டு முறை விசிலடித்தார் என்றும் சொல்கிறார்கள். வல்லத்தில் பஸ்ஸை விட்டுப் பிரிந்து, வயல்களின் மேல் தாழப் பறந்து வந்தது. தார்ப்பாய் அளவில் இருந்தது, வரவர விரிந்து, பனைமரத்துக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, ராஜாம்பாளின் வரப்புகளுக்கு நேர் மேலே விளிம்புக்கு விளிம்பு பொருந்த நின்றது.

பிறகு கொட்டியது.

ராஜாம்பாள் வரப்பின் மேல் நின்றாள். அவளுடைய இடது கை நனைந்தது, வலது கை காய்ந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, ஏனென்றால் முகத்திலும் ஒரு பாதிதான் நனைந்திருந்தது. பீமாராவ் வரப்போரமாக நடந்து நடந்து, விளிம்புக்கு வெளியே ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் விழவில்லை. அவ்வளவு சுத்தமான மழையை அவர் பார்த்ததில்லையாம்.

குஞ்சம்மாள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். தன் நிலத்தின் ஓரத்துக்கு வந்து, மழையின் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது. காலடியில் மண் வெடித்துக் கிடந்தது.

"ஒரே மண்ணு, ஒரே மாமனாரு பிரிச்சிக் குடுத்த நெலம். எங்க செடி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று கேட்டாள்.

மழை இரவெல்லாம் பெய்து விடிவதற்குள் விட்டது; மேகம் மட்டும் வயலுக்கு மேலேயே நின்றது. காலையில் மூவரும் மானியின் முன்னால் கூடினார்கள். பீமாராவ் சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் அளவுக் குவளை. நிறுவியவர் பெயர்ப் பலகைகூட வந்துவிட்டது.

"பார்வையாளர் ராஜாம்பாள், மானியில இருக்கிற தண்ணிய இதுல ஊத்துங்க."

ராஜாம்பாள் வயலைப் பார்த்தாள். ஈரமண் கறுத்து மினுமினுத்தது. செடிகள் நிமிர்ந்து நின்றன. ஆனால் தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. எல்லாவற்றையும் நிலம் குடித்துவிட்டிருந்தது.

"தண்ணி இல்லியே சார்."

"இல்லன்னா? ராத்திரியெல்லாம் கொட்டுச்சே!"

"குடிச்சிடுச்சி."

பீமாராவ் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆசியாவிலேயே பெரிய மழைமானியில் முதல் நாள் பதிவு பூஜ்யம். செஞ்சி நிலையத்திலும் அன்று பூஜ்யம்தான், மேகம் இங்கே வந்துவிட்டதல்லவா. நிதா தலைமை அலுவலகத்தை அழைத்தாள். புதிதாக ஒரு துணைமானி நிறுவியிருப்பதையும், அது இருக்கும் அளவையும், இரவு பெய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பெய்ஞ்சத நீ பாத்தியா?" என்றார் வளர்மதி மேடம்.

"நேர்ல பாத்தேன் மேடம். மூணு பேரும் பாத்தோம்."

"பாத்ததெல்லாம் கணக்குல வராது. மானில எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்போ ஒழுகுது."

நிதா குனிந்து ஒரு செடியை ஒதுக்கிப் பார்த்தாள். நேற்று வளைந்து நின்ற விழுதுகள் நேராக மண்ணுக்குள் போயிருந்தன. அடுத்த செடியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ராஜாம்பாளும் அவளருகில் குந்தி, ஒரு விழுதை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இறுக்கமாகப் பிடித்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா மேடம்" என்றாள் நிதா. "நல்லா ஒழுகுது."

"எத்தன எடத்துல?"

"எண்ண முடியல. செடிக்குப் பத்துப் பதினஞ்சு எடத்துல."

"அது என்ன செடி? சரி, எதுவா இருந்தா என்ன. ஒழுகுற மானிய ரிப்பேர் பண்ற வரைக்கும் இருந்த எடத்துலயே விடணும். மூடக் கூடாது, நகத்தக் கூடாது, பார்வையாளரையும் மாத்தக் கூடாது. ஆளுங்களுக்குச் சொல்லிடறேன்."

"எப்ப மேடம் வருவாங்க?"

"வரிசைல நிறைய இருக்கு. தை மாசம் ஆகும்."

நிதா அதைத் திருப்பிச் சொன்னதும் ராஜாம்பாள் விரல் விட்டு மாதங்களைக் கணக்குப் போட்டாள்.

"தைக்குள்ள மல்லாட்டையப் புடுங்கி, காயவெச்சி, வித்தே முடிச்சிடுவேனே! மெதுவா வரச் சொல்லு. ஒண்ணும் அவசரம் இல்லன்னு சொல்லு."

பீமாராவ் இன்னும் குவளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் ஒழுகாத மானிகளைப் பராமரித்த மனிதர். அப்போது பக்கத்து வரப்பிலிருந்து சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் விடியற்காலையிலேயே எழுந்து வந்திருப்பாள்போல. நாலு பக்கமும் வரப்பை உயர்த்தி, முள்ளை வெட்டி வேலி போட்டு, முழங்கை வரை மண்ணோடு நின்றிருந்தாள்.

"ராவு சார்! இத்த வந்து கொஞ்சம் மட்டம் பாருங்க. எங்க நெலம் அவ நெலத்தவிட நல்லா ஒழுகும்!"

பீமாராவ் எழுந்தார். குவளையை நிதாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரசமட்டத்தைத் தேடினார்.